யாருடைய ரத்தம்?

கோவளம் கரையில் காலை ஏலம் முடிந்ததும் வஞ்சிரமும் சங்கராவும் வெள்ளைத் தெர்மாகோல் பெட்டிக்குள் போகும். மேலே ஒரு கூடை நொறுக்கிய ஐஸ், அதன்மேல் மூடி, சுற்றிலும் பழுப்பு டேப். போன மாதம் அதே மாதிரிப் பெட்டி ஒன்றை வேறோர் இடத்தில் பார்த்தேன். என் அண்ணன் மகள் பழைய மகாபலிபுரம் சாலையோரம் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் நோய் எதிர்ப்பியலில் பிஎச்.டி. செய்கிறாள். சாப்பாடு கொடுக்கப் போனபோது லேப் வாசலில் கூரியர்காரருக்காகக் காத்திருந்தாள். காலடியில் பெட்டி. உள்ளே ட்ரை ஐஸ் புகைந்துகொண்டிருந்தது. அதற்குள் சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத குப்பிகள், ஒவ்வொன்றின் இடுப்பிலும் ஒரு பார்கோடு.

“யாருடைய ரத்தம்மா இது?”

“தெரியாது அத்தை. தெரியவும் கூடாது.”

சரியான பதில்தான். எத்திக்ஸ் கமிட்டி அப்படித்தான் சொல்கிறது, நானும் அதன் பக்கம்தான். ஆனாலும் திரும்பி வரும்போது, கேளம்பாக்கம்–கோவளம் சாலையில் உப்பளங்களைத் தாண்டுகிறவரை அந்தப் பதில் கூடவே வந்தது. 1980களின் கடைசியில் நான் ஸ்காலராக இருந்த லேப்பில் ஒவ்வொரு குழாயும் யாருடையது என்று எங்களுக்குத் தெரியும். பெயர், ஊர், எத்தனையாவது பிரசவம், ஊசி குத்தும்போது எந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்பதுவரை.

பிரசவம் எங்கே வந்தது என்று கேட்பீர்கள். நம் உடம்புச் செல்களின் மேல் எச்.எல்.ஏ. என்று ஒரு கூட்டம் புரதங்கள் உண்டு. இது நம்ம ஆள், இது வெளியாள் என்று உடம்பு பிரித்துப் பார்ப்பது பெருமளவு அதை வைத்துத்தான். சிறுநீரகம் மாற்றுவதற்கு முன் ‘மேட்ச்’ பார்க்கிறார்களே, அது இதுதான். பாதி தாய்வழி, பாதி தகப்பன்வழி. ஆகவே வயிற்றுப் பிள்ளையின் செல்லில் தகப்பனுடைய அடையாளமும் இருக்கும். நாலைந்து பெற்ற தாய்மாரில் சிலருடைய உடம்பு அதை அந்நியமாகக் கண்டு, அதற்கென்றே ஆன்டிபாடி செய்து வைத்திருக்கும். பிள்ளைக்கு அதனால் பொதுவாகக் கேடில்லை. எங்களுக்கோ அது பொன். ஓர் ஆளின் எச்.எல்.ஏ. எந்த வகை என்று கண்டுபிடிக்க எங்கள் கைக்கு எட்டியது அந்தத் தாய்மாரின் சீரம்தான். வெளிநாட்டுச் சீரத் தட்டுகள் விலை கட்டாது. கட்டினாலும் அங்குள்ள மக்களிடம் எடுத்த சீரம் நம்மவர்களின் எல்லா வகைகளையும் பிடிக்கும் என்று சொல்ல முடியாது.

அதனால் காலை ஆறு மணிக்கே பிளாஸ்கில் ஐஸ் போட்டுக்கொண்டு அரசு மகப்பேறு மருத்துவமனைக்குப் போவோம். வார்டு ஆயாம்மாதான் எங்களுக்கு வழிகாட்டி. “அந்தக் கோடிக் கட்டிலு, இது அஞ்சாவது” என்று கண்ணைக் காட்டுவார். விஷயத்தைச் சொல்லிக் கேட்டு ஐந்து மில்லி எடுப்போம். கோடிக் கட்டில் அக்கா கையை நீட்டிக்கொண்டே, “எம் புருசன் மேல எனக்கு எதிர்ப்பு இருக்குன்னு ரத்தம் எடுத்துத்தான் கண்டுபுடிக்கணுமா?” என்றார். வார்டே சிரித்தது. அவருடைய சீரம் அவ்வளவு சுத்தமாக வேலை செய்தது. இரண்டு வருஷம் அதை வைத்து ஓட்டினோம். லேப்பில் அந்தச் சீரத்துக்கே ‘கோடிக் கட்டில் அக்கா’ என்றுதான் பெயர். “அக்கா இன்னும் எத்தனை சொட்டு இருக்காங்க?” என்று கேட்டுக்கொள்வோம்.

டிஸ்சார்ஜ் ஆன நாலாம் நாள் தையல் காட்ட வந்தவர் என்னைப் பார்த்துவிட்டார். “என் ரத்தத்துல என்னம்மா இருந்துச்சு?” நான் எச்.எல்.ஏ., ஆன்டிபாடி என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். பாதியிலேயே, “சோகை இருக்கா, இல்லியா?” என்றார். நாங்கள் அதைப் பார்க்கவில்லை. அன்றைக்கு எனக்கு வெட்கமாக இருந்தது, இன்றைக்கும் கொஞ்சம் இருக்கிறது.

அந்தச் சோதனையைக் கொஞ்சம் கிட்டத்தில் காட்டுகிறேன், ஏனென்றால் இன்று அதைச் செய்து பார்த்தவர்கள் அருகிவிட்டார்கள். டெராசாகி தட்டு என்பது உள்ளங்கை அளவு பிளாஸ்டிக். அதில் அறுபது குழி, ஒவ்வொன்றும் கடுகு போடலாம் என்ற அளவு. அமெரிக்காவில் பால் டெராசாகியும் சகாவும் 1964இல் வெளியிட்ட முறை. குழியில் முதலில் ஒரு துளி எண்ணெய், சீரம் காய்ந்துவிடாமல் இருக்க. அதற்கடியில் ஒரு மைக்ரோலிட்டர் சீரம். மேலே ஒரு மைக்ரோலிட்டர் செல், அதாவது யாரை ‘டைப்’ செய்கிறோமோ அவருடைய வெள்ளணுக்கள். அரை மணி நேரம் பொறுத்து முயல் சீரம். முயல் சீரத்திலுள்ள ‘காம்ப்ளிமென்ட்’ என்னும் புரதக் கூட்டம், ஆன்டிபாடி ஒட்டிய செல்லை மட்டும் ஓட்டை போட்டுக் கொல்லும். பிறகு இயோசின் சாயம். செத்த செல் சாயத்தைக் குடித்து இருண்டு தட்டையாகக் கிடக்கும், உயிருள்ளது வைரம்போல மின்னும். மைக்ராஸ்கோப்பில் குழிகுழியாகப் போய் மார்க் போட வேண்டும்: 1, 2, 4, 6, 8. எட்டு என்றால் அநேகமாக எல்லாம் செத்தது. நாலா ஆறா என்பதில்தான் சண்டை வரும். இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்து மார்க் போட்டு ஒப்பிடுவோம். என்னோடு பார்த்தவர் கருணை மிக்கவர், எப்போதும் ஒரு படி குறைத்தே போடுவார்.

காம்ப்ளிமென்ட் சூடு தாங்காது. அறை வெப்பத்தில் விட்டால் மெல்ல மெல்ல வீரியம் போய்விடும். ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல் மின்சாரம் போனது. ஜெனரேட்டர் சாவி யாரிடம் என்று தெரியவில்லை. நாங்கள் மூன்று பேர் சைக்கிளில் ஐஸ் பேக்டரிக்குப் போய் ஒரு பாளம் வாங்கிச் சாக்கில் கட்டிக் கொண்டுவந்தோம். வருவதற்குள் பாதி ரோட்டிலேயே ஒழுகிவிட்டது, எட்டு மாத முயல் சீரமும் அன்றோடு போயிற்று. இப்போது அண்ணன் மகள் லேப்பில் ஃப்ரீசர் சூடானால் அவள் போனில் மணி அடிக்கிறது. நள்ளிரவு இரண்டு மணிக்கு அது அடித்து அவள் எழுந்து ஓடியதைப் பார்த்திருக்கிறேன். மற்றபடி வார இறுதியில் சூடானால் எங்களுக்குத் திங்கட்கிழமைதான் தெரியும் என்பதில் ஒரு நிம்மதி இருந்தது.

என் லேப் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஆனால் அந்தக் காலத்தில் தமிழ்நாட்டில் நோய் எதிர்ப்பியல் என்றால் எல்லோர் கண்ணும் மதுரைப் பக்கம் போகும், அதைச் சொல்லலாம். நாகமலை புதுக்கோட்டை அருகே மதுரைப் பல்கலைக்கழகம். 1978இல்தான் அது காமராசர் பெயரைப் பெற்றது. அங்கே வி.ஆர். முத்துக்கருப்பன் குழு எடுத்துக்கொண்ட பிராணி ஓணான். வெளிநாட்டு லேப்களில் சுண்டெலி ராஜ்ஜியம். இங்கே வேலியோரம் தலையாட்டிக்கொண்டு நிற்கும் ஓணானைப் பிடித்துக் கேள்வி கேட்டார்கள். பாலூட்டிகளிடம் உள்ள டி செல், பி செல் என்ற வேலைப் பிரிவினை ஊர்வனவற்றிலும் உண்டா? ஓணானுக்கு ஆட்டு ரத்தச் செல்லை ஊசியில் ஏற்றி, அதன் வெள்ளணுக்கள் ஆட்டுச் செல்களைச் சுற்றிலும் ஒட்டவைத்துக்கொண்டு பூப்போல நிற்பதை எண்ணினார்கள். ‘ரோசெட்’ என்று அதற்குப் பெயர். தைமஸ் சுரப்பிக்கும் மண்ணீரலுக்கும் அதில் என்ன பங்கு என்று ஆர்.எம். பிச்சப்பனும் முத்துக்கருப்பனும் 1977இல் எழுதிய கட்டுரைகள் ஊர்வனவற்றின் எதிர்ப்பாற்றல் பற்றிய ஆய்வில் இடம்பெற்றவை.

ஓணான், கசாப்புக் கடை ஆட்டு ரத்தம், கண்ணாடி பிப்பெட். இந்த மூன்றும் இருந்தால் ஆராய்ச்சி நடக்கும் என்று அன்று எங்களுக்கு ஒரு தைரியம் கொடுத்தது அந்த மதுரைப் பள்ளி. முத்துக்கருப்பன் பிற்பாடு அதே மதுரையில் அரவிந்த் மருத்துவ ஆராய்ச்சி அமைப்பில் கண் நோய்களின் பக்கம் போனார். பிச்சப்பன் ஓணானை விட்டு மனிதர்களுக்கு வந்தார். காசநோய்க் கிருமி உடம்புக்குள் போன எல்லோருக்கும் நோய் வருவதில்லை. பத்தில் ஒருவருக்கு வந்தாலே அதிகம். அந்த ஒருவர் ஏன் அவர்? அதற்கு எச்.எல்.ஏ.வில் விடை தேடி, டி.ஆர்.2 என்ற வகைக்கும் நுரையீரல் காசநோய்க்கும் தென்னிந்தியர்களிடம் தொடர்பு இருப்பதை அவர் குழு 1991இல் எழுதியது. நாங்கள் அந்தக் கட்டுரையை ஜெராக்ஸ் எடுத்து ஜெராக்ஸ் எடுத்து, கடைசிப் பிரதியில் அட்டவணையே தெரியாமல் போனது.

பிச்சப்பன் குழு சேகரித்த ரத்தத்தில் வேறு கதைகளும் இருந்தன. உசிலம்பட்டிப் பக்கம் ஜோதிமாணிக்கம் என்ற ஊர்க்காரர் ஒருவரிடம் எம்130 என்ற ஒய் குரோமோசோம் அடையாளம் தெரிந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து கடலோரமாகவே நடந்து ஆஸ்திரேலியாவரை போனதாகக் கருதப்படும் ஆதிக் கூட்டத்தின் தடம் அது என்றார்கள். மரபியலாளர் ஸ்பென்சர் வெல்ஸ் அதைப் புத்தகமாகவும் படமாகவும் ஆக்கினார், பத்திரிகைகள் அந்த ஊருக்குப் படையெடுத்தன. ரத்தம் கொடுத்த ஒருவருக்குத் தன் ரத்தத்தில் என்ன இருந்தது என்று தெரியவந்த அபூர்வமான சந்தர்ப்பம். தெரிந்து அவருக்கு என்ன ஆயிற்று, வாசலில் கேமரா நிற்பது அவருக்குப் பிடித்ததா என்பதைப் பற்றி நான் ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். கோடிக் கட்டில் அக்காவுக்கு அது நேர்ந்திருந்தால் கேமராக்காரரை உட்காரவைத்துப் பிள்ளையைப் பிடிக்கச் சொல்லியிருப்பார்.

2005இல் நேஷனல் ஜியாகிரபிக் தொடங்கிய ‘ஜீனோகிராஃபிக்’ திட்டத்தின் இந்தியப் பகுதி பிச்சப்பன் கைக்கு வந்தது. அதிலிருந்து 2012இல் வந்த கட்டுரையில் தமிழ்நாட்டின் 12 பழங்குடிகள், 19 மற்ற சமூகங்கள், மொத்தம் 1,680 ஆண்கள். கட்டுரையின் தலைப்புக்குக் கீழே நிறுவன முகவரிகளில் ஒன்று என் கண்ணில் பட்டது: செட்டிநாடு ஆராய்ச்சி, கல்வி நிறுவனம், கேளம்பாக்கம். என் வீட்டிலிருந்து உப்பளத்துக்கு அந்தக் கரை. வேலியோர ஓணானில் தொடங்கிய ஒரு வழி, கணினியில் வரிசையாக நிற்கும் எழுத்துகளாக மாறி, என் பக்கத்து ஊருக்கே வந்து சேர்ந்திருந்தது.

ஆனால் இந்தப் பகுதிக்கு நோய் எதிர்ப்பியல் அதற்கு முன்பே வந்துவிட்டது, அதுவும் பெரிய அளவில். உலகத்தில் எந்தப் பாடப்புத்தகத்தில் பி.சி.ஜி. என்னும் காசநோய்த் தடுப்பூசி பற்றிப் படித்தாலும் ‘சிங்கில்பட்’ என்று ஒரு சொல் வரும். நம் செங்கல்பட்டுதான். 1968இல் தொடங்கி, அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் 209 கிராமங்களிலும் 9 ஊர்களிலும் இரண்டரை லட்சம் பேருக்கு மேல் ஊசி போட்டுப் பார்த்தார்கள், சிலருக்கு பி.சி.ஜி., சிலருக்கு மருந்தில்லாத வெற்று ஊசி. பிரிட்டனில் முக்கால் பங்குக்கு மேல் காத்த ஊசி, இங்கே பெரியவர்களின் நுரையீரல் காசத்தில் ஒன்றும் காக்கவில்லை. மண்ணிலும் தண்ணீரிலும் இருக்கும் அதே குடும்பத்துப் பாக்டீரியாக்களிடம் நம் உடம்பு ஏற்கெனவே பழகியிருப்பதால் ஊசி புதிதாகச் சொல்லிக்கொடுக்க ஒன்றுமில்லை என்பது அடிக்கடி சொல்லப்படும் விளக்கம். குழந்தைகளுக்கு வரும் மூளைக்காய்ச்சல் வகைக் காசத்தை அது தடுக்கும் என்பதால்தான் இன்றும் பிறந்ததும் போடுகிறோம்.

கோவளத்துக்குத் தெற்கே சில கிலோமீட்டரில் வடநெம்மேலி. 1978இல் தொடங்கிய இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அங்கே இருக்கிறது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை, இந்த நாலின் விஷத்தையும் எடுத்து மருந்துக் கம்பெனிகளுக்கு அனுப்புகிறார்கள். அதைச் சிறுகச் சிறுகக் குதிரைக்கு ஏற்றினால் குதிரை ஆன்டிபாடி செய்கிறது, அதுதான் பாம்புக் கடிக்கு ஆஸ்பத்திரியில் ஏறும் மருந்து. அந்தச் சங்கத்து மாசி சடையனுக்கும் வடிவேல் கோபாலுக்கும் 2023இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். எந்தப் பல்கலைக்கழகத் துறைத் தலைவருக்கும் குறையாத நோய் எதிர்ப்பியல் பணி அது என்பது என் கட்சி.

அண்ணன் மகள் லேப்புக்கு வருவோம். குழு ஏழு பேர், அதில் ஐந்து பெண்கள். எங்கள் காலத்தில் பெண் ஸ்காலர் ஆறரைக்கு ஹாஸ்டலில் இருக்க வேண்டும். செல்லோ அரை மணி நேரம், ஒரு மணி நேரம் என்று தன் கணக்கில் நிற்கும், அதனால் என் சோதனையின் கடைசிப் பகுதியை ஆண் சகாவிடம் ஒப்படைத்துவிட்டு ஓடுவேன். மறுநாள் தட்டில் என்ன வந்தது என்று அவர் சொன்னால்தான் தெரியும். கட்டுரையில் அவர் பெயர் எனக்கு முன்னால் வந்ததற்கு அதுவே காரணமாகச் சொல்லப்பட்டது. இவள் இரவு பதினொன்றுக்கு ஸ்லாட் போட்டுக்கொண்டு ஃப்ளோ சைட்டோமீட்டரில் உட்காருகிறாள். செல்கள் ஒற்றை வரிசையில் லேசருக்கு முன்னால் ஓடுகின்றன, நொடிக்கு ஆயிரக்கணக்கில். ஒட்டியிருக்கும் சாயத்தின் நிறத்தை வைத்து இது எந்தச் செல் என்று இயந்திரம் பிரித்துவிடுகிறது. நாலா ஆறா என்ற சண்டை இல்லை. ஆனால் திரையில் புள்ளிகளுக்கு நடுவே எங்கே கோடு போடுவது என்று அவளும் அவளுடைய சீனியரும் அரை மணி நேரம் வாதாடியதைக் கேட்டபோது எனக்கு உள்ளூர ஒரு திருப்தி.

இப்போது ஆன்டிபாடிக்காகப் பிரசவ வார்டுக்குப் போக வேண்டியதில்லை. கோலரும் மில்ஸ்டைனும் 1975இல் கண்ட வழியில், ஒரே மாதிரி ஆன்டிபாடியை வேண்டிய மட்டும் உற்பத்தி செய்து குப்பியில் விற்கிறார்கள். ஆர்டர் போட்டு ஆறு வாரம் காத்திருக்க வேண்டும். எச்.எல்.ஏ.வும் இப்போது டி.என்.ஏ.வைப் படித்துத்தான். எங்கள் சீரத்துக்கு ஒன்றாகத் தெரிந்த வகைக்குள் பத்து இருபது ஒளிந்திருந்தன. இன்று பட்டியலில் முப்பதாயிரத்துக்கும் மேல். எங்கள் மார்க் எவ்வளவு தப்பாக இருந்திருக்கும் என்று நினைத்தால் சிரிப்பு வருகிறது.

கட்டுரை விஷயம் தலைகீழ். வெளிநாட்டுப் பேராசிரியருக்கு ரீபிரிண்ட் கேட்டு கார்டு எழுதுவோம். இரண்டு மாதம் கழித்துக் கனமான உறை வரும், சிலர் ஓரத்தில் ‘வாழ்த்துகள்’ என்று கையெழுத்திட்டிருப்பார்கள். தபால்தலையை யார் கிழிப்பது என்று போட்டி. இவர்களுக்குக் கட்டுரை படிப்பது ஒரு நொடி, போடுவதுதான் பாடு. பிஎச்.டி.க்குக் கட்டுரை கட்டாயம் என்ற விதியை யு.ஜி.சி. 2022இல் எடுத்துவிட்டது. எடுத்ததாகத்தான் இருக்கிறது. பல நிறுவனங்கள் தங்கள் சொந்த விதியில் வைத்திருக்கின்றன, தரவரிசைக்கு எண்ணிக்கை வேண்டுமே. ஜூனியர் பெலோஷிப் மாதம் 37,000 ரூபாய் என்று கேட்டால் எனக்கு மலைப்பாக இருக்கிறது. மூன்று மாதம் சேர்த்து வருகிறது என்று கேட்டால் பழகின விஷயமாக இருக்கிறது. அந்த நாட்களில் டீக்கடைக் கணக்கு, இந்த நாட்களில் ஜிபே.

ஒப்புதல் படிவத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நாங்கள் வாயால் கேட்டோம், அவர்கள் கையை நீட்டினார்கள். வெள்ளைக் கோட்டைப் பார்த்து முடியாது என்று சொல்ல அந்தத் தாய்மாருக்கு எவ்வளவு இடமிருந்தது? ஐ.சி.எம்.ஆர். 1980இலேயே நெறிமுறை அறிக்கை வெளியிட்டிருந்தது, எங்கள் லேப்பில் யாரும் அதைப் பார்த்ததில்லை. 2000, 2006, 2017 என்று அது வளர்ந்துகொண்டே வந்தது. இன்று தமிழில் அச்சிட்ட தாள்கள், படித்துக் காட்டுவதற்கு ஒருவர், சாட்சிக்கு ஒருவர், எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்று ஒரு வரி. பெயர் ஒரு நோட்டில் பூட்டிய அலமாரிக்குள், குழாயில் வெறும் எண். இதில் எதையும் நான் திருப்பிக் கேட்க மாட்டேன். பெயர் எழுதிய பிளாஸ்திரி ஒட்டிய எங்கள் குழாய்களை இன்று யாராவது ஒரு கமிட்டி பார்த்தால் என்னைத் துரத்திவிடும், துரத்தவும் வேண்டும்.

போன வாரம் கரையில் மீன் நறுக்கித் தரும் அக்கா, செதிலைச் சுரண்டிக்கொண்டே கேட்டார். “உங்க அண்ணன் பொண்ணு ஆளுங்க வந்து ரத்தம் எடுத்தாங்களே, எனக்குச் சர்க்கரை இருக்கா இல்லியான்னு எதுனா சொன்னாங்களா?”

அது சர்க்கரைக்காக எடுத்த ரத்தம் இல்லை. படிவத்தில் அப்படித்தான் போட்டிருக்கும், அக்கா கையெழுத்தும் இருக்கும். வீட்டுக்கு வந்து அண்ணன் மகளிடம் சொன்னேன். “அதெல்லாம் பார்க்கலையே அத்தை. பார்த்திருந்தாலும் எந்த நம்பர் அவங்கன்னு எனக்குத் தெரியாது” என்றாள். சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் கொஞ்ச நேரம் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு, அவள் அப்பாவுக்கு வாங்கிய குளுக்கோமீட்டரை எடுத்துக்கொண்டு கரைக்கு வந்தாள். அக்கா கையைக் கடல் தண்ணீரில் கழுவப் போனார், இவள் தடுத்துக் குடிதண்ணீர் ஊற்றினாள். வெறும் வயிற்றில் நூற்று எண்பத்தாறு. “சொல்லல?” என்று அக்கா பக்கத்திலிருந்தவரைப் பார்த்தார், ஏதோ பந்தயம் ஜெயித்ததுபோல. கேளம்பாக்கத்தில் எந்த டாக்டரிடம் போவது என்று நான் விசாரித்துச் சொல்வதற்குள், அந்தப் பக்கத்து அக்கா கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கையை நீட்டிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் வலை பிரித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் எழுந்து வந்தார்கள். ஸ்டிரிப் டப்பாவைக் குலுக்கிப் பார்த்தாள். எட்டு இருந்தது.